பரிவட்டத்துக்கு ஒரு பந்து

"இன்னும் குனிங்க."

பரசுராமன் குனிந்தார். கலெக்டர் முன்னால்கூட வளையாத அறுபது வயது முதுகு அது.

"இன்னும். பந்துக்கு நேர் மேல கண்ணு வரணும். குனியாம இந்த ஆட்டம் கெடையாதுங்க அய்யா."

சொன்னவன் துளசிராமன். கும்மிடிப்பூண்டி இரும்பாலையின் புல்தரையைப் பராமரிப்பவன். ஆலை அதிகாரிகளுக்கு கோல்ஃப் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பவனும் அவன்தான். சாணம் மெழுகிய நெற்களத்தில் ஒரு செம்பைப் பதித்துக் குழியாக்கியிருந்தான்.

எல்லாம் ஊர்க்கூட்டத்தில் வந்த வினை. செல்லியம்மன் கோவிலில் ஆடித் திருவிழாவின் முதல் பரிவட்டம், தலைமுறை தலைமுறையாகப் பரசுராமன் வீட்டுக்குத்தான். இந்த வருஷம், கோவிலுக்கு மண்டபம் கட்டித் தந்த ஆலை மானேஜர் வரதனுக்குக் கட்டலாம் என்று நாலு பேர் வாய் திறந்தார்கள்.

வரதனே எழுந்து கைகூப்பினார். "எனக்கு எதுக்குங்க? பெரியவருக்கே கட்டுங்க."

அதோடு முடிந்திருக்கும். பரசுராமனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீங்க வுட்டுக்குடுத்து நான் கட்டிக்கிறதா? எங்க ஊட்ல பிச்சை போட்டுத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்ல. உங்க ஆட்டத்துலயே உங்கள ஜெயிச்சுட்டுக் கட்டிக்கிறேன். தோத்தா என் வம்சத்துக்கே அந்தத் துணி வேணாம். செல்லியம்மா மேல சத்தியம்!"

அதற்குத்தான் இந்தக் குனிதல்.

"மேழி புடிக்கிற மாரி அமுக்குறீங்களே அய்யா. வெத்தல புடிக்கிற மாரி புடிங்க. மணிக்கட்டு ஒடியக் கூடாது. தோளும் கையும் ஒண்ணா, ஊஞ்சப் பலகை மாரி ஆடணும்."

பந்து செம்பைத் தாண்டி வைக்கோற்போருக்குள் புகுந்தது.

"தலைய தூக்கிட்டீங்க. தலை தூக்கினா தோள் திரும்பும், தோள் திரும்பினா பந்து ஓரம் போவும். இதான் பாலபாடம். பந்து போற தெசையப் பாக்காதீங்க. குழியில வுழுற சத்தத்தக் காதால கேட்டாப் போதும்."

"தலை தூக்கினா தோல்வியா? இன்னா ஆட்டம்டா இது!"

மோர் கொண்டுவந்த மனைவி ஜானகியம்மாள், வைக்கோலைக் கிளறிப் பந்தை எடுத்துக் கொடுத்தாள். "பல்லாங்குழி ஆடலாம்னு சொல்லியிருந்தா நானாவது வந்திருப்பேன். சோத்துல கல்லு கெடந்தாலே கண்ணு தெரியல உங்களுக்கு. தோத்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

பரசுராமன் சிரிக்கவில்லை. "தோத்தா ஊடு திரும்ப மாட்டேன். ரயில் ரோடு கிட்டத்துலதான் இருக்குது."

அவள் அதன்பிறகு கேலி பேசவில்லை. பந்து பொறுக்கவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலைப் புல்தரையைச் சுற்றி ஊரே நின்றது. பங்களா வராந்தாவில் வரதனின் மனைவி நின்றாள். மூன்று குழி, குறைந்த அடியில் போடுகிறவருக்கு அந்தக் குழி. முதல் குழியை வரதன் எடுத்தார். இரண்டாவது பரசுராமனுக்கு விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கும்வரை அவர் தலை நிமிரவேயில்லை.

மூன்றாவதைப் பரசுராமன் இரண்டே அடியில் முடித்தார். வரதனுடைய முதல் அடி குழிக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. அடுத்ததைப் போட்டால் சமம், ஆட்டம் தொடரும். கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்து.

வரதன் குனிந்தார். தலையைத் தூக்கி, வராந்தாவை ஒரு கணம் பார்த்தார். அப்புறம்தான் அடித்தார். பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு ஓரமாகப் போயிற்று.

ஊர் எழுப்பிய கூச்சலில் புல்தரையே அதிர்ந்தது.

அடுத்த ஞாயிறு கூழ் வார்த்தார்கள். மேளம் முழங்கப் பரசுராமன் தலையில் பரிவட்டம் ஏறியது. அந்தக் கோலத்தோடேயே வீட்டுக்கு வந்து, கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா ஜானகி? வருஷக்கணக்கா ஆடுறவன், கடைசில தலைய தூக்கிட்டான்! பாலபாடமே தெரியல. வுட்டுக்குடுக்கிறானாம் எனக்கு!"

ஜானகியம்மாள் ஒரு தாம்பாளத்தைத் தூணோரம் வைத்தாள். "மானேஜர் ஊட்டம்மா பழமும் பூவும் அனுப்பியிருக்காங்க."

"திருப்பி அனுப்பு!" அவர் குரல் தெருவரை கேட்டது. "நானும் பாத்துகினுதான் இருந்தேன். சந்நிதில அந்தம்மாவக் கண்டதும் எழுந்து நின்னு கும்புட்டியே, இன்னா அர்த்தம் அதுக்கு? ஜெயிச்சவன் பொண்டாட்டி தோத்தவன் பொண்டாட்டியக் கும்புடுறதா? என் மானம் இன்னா ஆவுறது? இனிமே இந்த ஊட்டுப் பொம்பளைங்க யாரும் அந்தம்மாவுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லக் கூடாது. சொல்லிட்டேன்!"

ஜானகியம்மாள் அவர் தலையிலிருந்த பரிவட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கள ஜெயிக்க வுடச் சொல்லி அந்தம்மா கால்லயே வுழுந்துட்டு வந்தேங்க. இனிமே வணக்கம் சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா?"