அறைக்கு நாலு தலை

சந்து முனையில் சைக்கிள் மணி கேட்டதும் ஆரோக்கியம் தங்கையை உலுக்கினாள்.

"வந்துட்டான்டி கொள்ளையில போறவன்! செல்வி, எழுந்திரு!"

முதலியார்பேட்டையில் பிரெஞ்சுக்காரத் துரை பிரான்சுவா முசேவுக்குச் சொந்தமான வளவு அது. எட்டு அறை, ஒரு கிணறு, பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். மில் வேலைக்கு வந்து குவிந்த சனத்துக்கு அந்த முப்பத்தேழாம் வருஷத்தில் ஓர் அறை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கிடைத்தாலும் அறைக்கு நாலு தலைதான். அது முசே போட்ட சட்டம். அஞ்சாவது தலை அகப்பட்டால் அன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டும்.

தலையை எண்ண மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கணக்குப்பிள்ளை கோவிந்தராசு வருவார். மில்லுக்கு லீவு. எல்லாரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வருகிற ஆளுக்கு எவ்வளவு கெட்ட புத்தி இருக்க வேண்டும்! அதிலும் நாயைத் தவிர யாரும் குறுக்கே வராத சந்தில் விடாமல் மணி அடித்துக்கொண்டு வருவார். சைக்கிள் வாங்கிய திமிர் என்பது ஆரோக்கியத்தின் தீர்ப்பு.

மணி கேட்டால் வளவே எழுந்து ஓடும். பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளையை இடுக்கிக்கொண்டு, பின்சுவர் ஏறித் தென்னந்தோப்பில் குதிக்கும். அவர் எண்ணிவிட்டுப் போனதும் திரும்ப ஏறி வரும்.

பக்கத்து ஆயம்மா அறையில் ஒன்பது பேர் என்று ஆரோக்கியம் முகம் சுளிப்பாள். தன் அறையில் ஆறு பேர் இருப்பது மட்டும் அவள் கண்ணில் படாது. அவள், புருஷன் லூர்துநாதன், இரண்டு பிள்ளைகள். போன வருஷம் வந்து சேர்ந்த தங்கை சகாயசெல்வியும் அவள் புருஷன் சூசைநாதனும். கூடப் பிறந்தவளை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

சூசைநாதன் தாவிச் சுவர்மேல் உட்கார்ந்து கையை நீட்டினான். "கையக் குடு, செல்வி."

செல்விக்கு எட்டு மாதம். காலைத் தூக்கிப் பார்த்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"முடியலக்கா."

மணி இன்னும் கிட்டத்தில் கேட்டது.

"நீங்க குதிங்க தம்பி! இவள நான் பாத்துக்கறேன்."

அறைக்குள் கொடியில் ஒரு புடவையை விரித்துப் போட்டு, அதன் பின்னால் தங்கையை நிற்க வைத்தாள். "மூச்சு விடாத. மாதாவே, நீதான் காப்பாத்தணும்."

கோவிந்தராசு உள்ளே வந்தார். இந்தத் தடவை தனியாக வரவில்லை. கூடவே கொத்தனார் மண்ணாங்கட்டி, தோளில் கடப்பாறையோடு.

"லூர்துநாதன், பொஞ்சாதி, புள்ளைங்க ரெண்டு. ஆக நாலு." நோட்டில் எழுதியவரின் கண் கொடிப் புடவையில் போய் நின்றது. புடவைக்குக் கீழே இரண்டு பாதங்கள்.

"என்னா, பொடவ காயுதா?"

"ஆமாங்க. ஈரங்க."

"வெயில் வெளிய அடிக்குது. பொடவ உள்ளாற காயுது."

ஆரோக்கியம் புடவையின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டாள். லூர்துநாதன் கூரையைப் பார்த்தான். இனி எந்த ஊரில், எந்தத் தெருவில் போய் நிற்பது? பிள்ளை பெறப்போகிறவளை வைத்துக்கொண்டு யார் வாசலைத் தட்டுவது?

கோவிந்தராசு நோட்டை மூடிக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போனார். ஆரோக்கியமும் பின்னாலேயே ஓடினாள்.

"பொங்கலுக்குத்தான வெள்ள அடிச்சது? அதுக்குள்ள செவுரு முச்சூடும் கருப்பு கருப்பா கெடக்குதே?"

"பூனைங்க ஐயா. ஏறி ஏறிக் குதிக்குது."

"பூனைக்கு இத்தாம்பெரிய காலா?"

அந்த நேரம் பார்த்துத் தோப்பில் ஒரு குழந்தை வீரிட்டது.

"அது என்னா?"

"ஆடுங்க."

"பூன, ஆடுன்னு நல்லாத்தான் வளக்கறீங்க." அவர் கொத்தனார் பக்கம் திரும்பினார். "அளந்துக்கப்பா."

மண்ணாங்கட்டி சுவரில் முழம் போட்டான். கரித்துண்டால் மேலே ஒரு கோடு இழுத்தான். ஆரோக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. சுவரை உயர்த்தி, மேலே கண்ணாடிச் சில்லு பதிக்கப்போகிறார்கள். முசே வீட்டு மதிலில் அப்படித்தான் பதித்திருக்கிறது.

"ஐயா, உங்க காலுல விழறேன். கண்ணாடி பதிச்சிடாதீங்க. புள்ளைங்க வெளயாடற எடம். எங்களுக்கும் போக்கிடம் இல்ல." குரல் உடைந்து அழுதேவிட்டாள்.

அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. கொத்தனாரிடமே பேசினார்.

"ஒடச்சி ஒரு கதவு வெச்சிடு. குப்ப கொட்ட வழி இல்லன்னு சொல்லி முசேகிட்ட உத்தரவு வாங்கிட்டேன். படி வெக்காத, வழுக்கும். தரையோட தரையா இருக்கட்டும்."

கடப்பாறை சுவரில் விழுந்தது. காரை உதிர்ந்தது. ஆரோக்கியம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் அவரையே பார்த்தாள்.

கோவிந்தராசு மற்ற அறைகளையும் எண்ணினார். எல்லா அறையிலும் நாலு நாலு என்று எழுதிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். அவளைக் கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எட்டு மாசப் புள்ளத்தாச்சி செவுரு ஏறலாமா தாயி? அடுத்த மாசம் கதவு வழியா நடந்தே போவட்டும். நானும் மணிய ரெண்டு சந்துக்கு முன்னாடியே அடிச்சிடறேன்."