மணியடிக்க ஆள் தேவை

"சர்ச்சு கொயர்ல பாட ஆளே இல்ல அண்ணாச்சி. நீங்க வந்தா நல்லாருக்கும்" என்றாள் புஷ்பா.

"பாட்டெல்லாம் அவளோட போச்சும்மா" என்றார் அருமைநாயகம். மோட்டுவளையைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தவர், எழுந்து உட்காரக்கூட இல்லை.

மனைவி இறந்த பிறகு அவரைத் திருநெல்வேலியிலிருந்து திருநின்றவூருக்கு அழைத்து வந்திருந்தாள் மகள் சுசீலா. வந்த நாள் முதல் மனிதர் வாசலைத் தாண்டவில்லை. சோறும் இறங்கவில்லை. "அப்பாவும் போயிடுவாரோன்னு பயமா இருக்குக்கா" என்று சுசீலா அழுததால்தான் இன்று புஷ்பா வந்திருந்தாள். சபை ஊழியத்துக்கு ஆள் பிடிப்பதில் அவள் பொல்லாதவள். அவளிடம் முடியாது என்று சொல்லித் தப்பித்தவர்கள் அந்தப் பக்கம் அபூர்வம்.

"சரி, சண்டே ஸ்கூல் புள்ளைங்களுக்குக் கத சொல்றீங்களா?"

"பிள்ளைக சத்தம் போட்டா எனக்குத் தலை நோவும்."

"ஆஸ்பத்திரில சீக்காளிங்களப் பாத்து ஜெபம் பண்றதுக்கு?"

"என்னைப் பாத்தா அவங்கதான் எனக்கு ஜெபம் பண்ணுவாங்க. எந்திரிச்சுப் போம்மா."

புஷ்பாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நகரவில்லை.

"டிவி வந்ததுலேர்ந்து ஞாயித்துக்கெழமன்னா ஒருத்தனும் ஊட்ட உட்டு நவுர மாட்றான். நீங்களும் இப்டி சொன்னா நா எங்க போவேன்? அத்த உடுங்க. காலைல எத்தினி மணிக்கு எந்திரிப்பீங்க?"

"நாலரைக்கே முழிப்புத் தட்டிரும். மில்லு ஷிப்டு பழக்கம். முழிச்சு என்ன செய்ய? இப்படியே கெடக்கேன்."

"அப்டிப் போடு! மணியடிக்கத்தான் அண்ணாச்சி ஆளு தேடிக்கினு கீறேன்."

அடுக்களை வாசலில் நின்ற சுசீலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புஷ்பா முறைத்த முறையில் அப்படியே மூடிக்கொண்டாள்.

"நீங்க வந்ததுலேர்ந்து ஒரு நாளாச்சும் சர்ச்சு மணி கேட்டீங்களா?"

"இல்லையே."

"பின்ன? ஆளு இல்லாம அது எப்டி அடிக்கும்?"

அருமைநாயகம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"மணி அடிக்காம என்னம்மா ஆராதனை! முதல் மணிக்கே அவ சேலை மாத்தி நிப்பா. ரெண்டாம் மணிக்கு நான் சட்டையத் தேடுவேன். 'பொம்பளை நானே கெளம்பிட்டேன், உமக்கு என்ன வே'ன்னு ஏசுவா."

கண் கலங்கிவிட்டது. ஆனால் உதட்டில் சிரிப்பு. அப்பா சிரித்து எத்தனை நாளாயிற்று! சுசீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கயிறு என்ன கயிறு? நைலான்னா கையை அறுத்துரும்."

"நூல்... நூல் கயிறுதான் அண்ணாச்சி."

"இப்பவே வந்து பாக்கட்டா?"

"ஐயோ வாணாம்! ஞாயித்துக்கெழம வந்தாப் போதும்."

"ஏட்டி சுசீலா, என் வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போடு. அதுக்கு முன்ன ரெண்டு தோசை ஊத்து, பசிக்கி."

ஓட்டமும் நடையுமாகத் தெருவைக் கடந்து, சபை கூடும் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தாள் புஷ்பா.

"பாஸ்டர், மணியடிக்க ஆளு கெடச்சாச்சு!"

பாஸ்டர் திருதிருவென்று விழித்தார். "நம்ம சபையில ஏதும்மா மணி?"

"அதுக்குத்தான் ஓடியாறேன். சட்டைய மாட்டிக்கினு ட்ரெயினப் புடிங்க. பாரிமுனைக்குப் போயி, ஊருக்கே கேக்கற மாதிரி ஒண்ணு வாங்கியாந்துருங்க!"