கறிவேப்பிலை ரயில்

"ஏனுங்கண்ணா, இந்த இலையில ஆருங்க சாப்பிட்டது?"

மாசாணியம்மாள் எச்சிலிலை வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். துடியலூர் மெஸ்ஸில் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்த நேரம். முதலாளி சீனிவாசலு ரச வாளியோடு பேமிலி ரூமுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆரோ சாப்பிட்டாங்க, போயிட்டாங்க. சட்டுனு எடு அம்மணி, ஆளுக நிக்கறாங்க."

"ஆம்பளைங்களா?"

"பேமிலி ரூம்ல தனி ஆம்பளைய உக்கார உடுவனா நானு? இன்னைக்கு உள்ள வந்ததெல்லாம் பொம்பளைகளும் புள்ளைகளும்தான்."

மாசாணியம்மாள் மறுபடியும் இலையைப் பார்த்தாள். இலை எடுக்கிற வேலைக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது. ஊரில் எல்லோரும் இலையைத் தம் பக்கமாகத்தான் மடிப்பார்கள். எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்பது சாவு வீட்டில் மட்டும்தான். மூலை மேசையில் இந்த இலை அப்படித்தான் மடிந்து கிடந்தது. எடுக்கும்போது விரிந்துகொண்டது. உள்ளே ஒரு ரயில்! காய்ந்த மிளகாய் எஞ்சின். அதற்குப் பின்னால் வரிசை பிசகாமல் ஏழெட்டுக் கறிவேப்பிலைப் பெட்டிகள்.

இந்த ரயிலை விடுகிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். அவள் புருஷன் தம்பிதுரை.

தேங்காய் லோடு ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வெளியூர்தான். வீட்டில் இருந்தால் சாப்பிட்டு முடித்ததும் இந்தக் கூத்து. "புள்ளையில்லாத ஊட்டுல ஆருக்குங்க ரயிலு? இலையவாச்சும் சாவு ஊடாட்டம் மடிக்காம ஒழுங்கா மடிங்க!" என்று கத்துவாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவான். அந்த மனுஷன்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடிப்பெருக்கன்று கொடுமுடியில் குளிக்கப் போனான். படித்துறையில் சட்டையும் செருப்பும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை.

தாலியைக் கழற்று என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. "அவரு உசுரோட இருக்காரு. இல்லைன்னா உடம்பக் காட்டுங்க, கழட்டறேன்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் அதே மூலை, அதே ரயில். அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு பெட்டிகள் கூடியிருந்தன. வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடி வருவதற்குள் நாற்காலி காலி.

சீனிவாசலுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவசரமாக விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்.

"நான் சொல்றேன்னு சங்கடப்படாத அம்மணி. தண்ணியில போனவருக்கு நீ ஒரு வாய் சோறு வைக்கல. பசி தாங்காம உன்னையத் தேடி வந்துட்டாரு. வர்ற அமாவாசைக்குக் கொடுமுடி போயி காரியத்த முடிச்சுப்போடு."

பசி என்ற வார்த்தையைக் கேட்டதும் மாசாணியம்மாள் உடைந்து அழுதாள். இத்தனை நாள் பிடிவாதம் பிடித்து அந்த மனுஷனைப் பட்டினி போட்டுவிட்டேனே!

"சரிங்கண்ணா, தாலியக் கழட்டிப்போடறேன். அதுக்கு முன்னால ஒருக்கா என்ற கையால அவருக்குச் சோறு வெக்கோணும்."

அடுத்து வந்த சனிக்கிழமை அவனுக்குப் பிடித்த அரிசியும் பருப்பும் சாதம் செய்து தூக்குப்போசியில் கொண்டுவந்தாள். மூலை மேசையில் இலை போட்டு, சாதம் வைத்து, நெய் ஊற்றினாள். ஆவி பறந்தது. பேமிலி ரூமின் திரை, காற்றே இல்லாமல், லேசாக அசைந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

தண்ணீர் வைக்க மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய், கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு சொம்பு மொண்டுகொண்டு திரும்பக் கொஞ்ச நேரமாகிவிட்டது.

இலையில் சாதம் பாதி குறைந்திருந்தது. ஓரத்தில் மிளகாய் எஞ்சின் நின்றது. பின்னால் நாலு பெட்டிகள். நாற்காலியில் யாரும் இல்லை.

அவள் கை சொம்பைத் தவறவிட்டது. அந்தச் சத்தத்தோடு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை மேலே வந்து ஐந்தாவது பெட்டியை வைத்தது.

கையைத் தொடர்ந்து ஒரு ரெட்டைச் சடை எழுந்தது. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்த சீருடை, கழுத்தில் அடையாள அட்டை.

"பொட்டி கீழ உழுந்துருச்சுங்க," என்றது குழந்தை. "அம்மா கை கழுவப் போயிருக்காங்க. பசிச்சுதுன்னு நான் சாப்பிட்டுட்டனுங்க. சோறு நல்லாருக்குதுங்க!"

மாசாணியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேவிட்டாள். "அட என்ற சாமி, வாராவாரம் ரயில் உட்டது நீதானா? ஆனா இலைய அப்படித் தள்ளி மடிக்கப்படாது கண்ணு."

"தள்ளி மடிச்சாத்தானுங்க ரயிலு குகைக்குள்ள போகும். எங்கப்பாதான் சொல்லிக் குடுத்தாங்க. அவரு பாலக்காட்டுல லோடு ஓட்டறாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வந்துருவாங்க."

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"உன்ற பேரென்ன கண்ணு?"

குழந்தை கழுத்து அட்டையைத் தூக்கிப் பிடித்து, வகுப்பில் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தது. "த. ஹர்ஷிணி, ரெண்டாங் கிளாசு. ஏழு வயசு. அப்பா பேரு தம்பிதுரை."

திரைக்கு வெளியிலிருந்து சீனிவாசலுவின் குரல் பயத்தோடு கேட்டது. "அம்மணி... அவரு வந்தாரா?"

மாசாணியம்மாள் தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள்ளிருந்து வெளியே இழுத்தாள்.

"இல்லீங்கண்ணா, அவரு செத்துப்போயிட்டாரு. அமாவாசைக்கு லீவு குடுங்க, கொடுமுடி போயி காரியத்த முடிச்சுப்போட்டு வாரேன்."