நேராகப் பண்ணை வீட்டுக்கு

மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்த ரெத்தினம், கீழ்வேளூர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெற்றவளைப் பார்க்கப் போகவில்லை. நேராகப் பண்ணை வீட்டுக்குள் போனான்.

தெருவே பார்த்தது. கூலி உயர்வு கேட்டதற்காக அவன் அம்மா காத்தாயியை ஆள் வைத்து அடித்துக் கையை முறித்த வீடு அது.

பண்ணையார் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் மங்களாம்பிகை மட்டும் இருந்தாள். அவளும் ரெத்தினமும் காலேஜில் ஒரே கணக்கு வகுப்பு. கூலிச் சண்டை முற்றியதும் அப்பா அவள் படிப்பை நிறுத்திவிட்டார். கிளம்பும்போது தன் நோட்டை ரெத்தினத்திடம் கொடுத்து, நீங்களாவது இதை முடிங்க என்றிருந்தாள்.

அந்த நோட்டிலிருந்து வளர்ந்ததுதான் பம்பாயில் அவன் செய்த ஆராய்ச்சி. ஆற்றில் வெள்ளம் எப்படி ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணிக்க ஆயிரக்கணக்கான சமன்பாடுகள் வேண்டும். எடுத்த எடுப்பில் எண்களைக் கொட்டாமல், எழுத்துகளாகவே வைத்து அடித்துச் சுருக்கிவிட்டு, கடைசியில் எண்ணைப் போடும் வழி அவள் நோட்டில் இருந்தது. ஒரு வாரம் ஓடிய கணக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

அச்சான ஆராய்ச்சி இதழை அவள் முன்னால் விரித்து வைத்தான். அவள் விரல் சமன்பாடுகள் மேல் மெதுவாக நகர்ந்தது.

"நெல்லு காயப்போடுற களத்துல விரலால எழுதிப் பார்ப்பேன். யாராவது வந்தா கூட்டிவிட்டுடுவேன்" என்றாள். பிறகுதான் கவனித்தாள். "இதுல என் பேரு இருக்கே?"

"முதல் பேரே உங்களோடதுதாங்க."

வெகுநேரம் அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பவேயில்லை.

அதற்குள் கூலிக்காரர் சங்கத்து ஐயாவு, காத்தாயி வீட்டுக்குப் போய்விட்டார். அவள் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக பஸ் வரும் நேரமெல்லாம் அப்படித்தான் நிற்கிறாள்.

"உன் மவன் பண்ணை வீட்டுல உக்காந்திருக்கான் அக்கா. பெத்தவளை மறந்துட்டான்."

"மறக்கல ஐயாவு. மூணு வருஷம் முன்னாடி, அந்தப் பொண்ணு நோட்டை வச்சு எழுதி, தன் பேரை மட்டும் போட்டுக்கிட்டு வந்து என்கிட்ட பெருமையாச் சொன்னான். அறுத்தவ ஒருத்தி, அளந்துக்கிட்டுப் போறவன் இன்னொருத்தனான்னு கேட்டுத்தானே நாம அடி வாங்கினோம்? அவ பேரைப் போட்டு, அவ கையில குடுத்துட்டு அப்புறமா என் வாசலை மிதின்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."