ரிவர்ஸ் கியர்

"இன்னிக்கும் எவனாவது சிரிச்சான்னா, நாளைக்குக் காலையில வண்டி அடிலெய்டுக்குத் திரும்பிடும். சொல்லிட்டேன்!"

டீசல் போட்ட ரசீதும் கையுமாகக் கடைக்குள்ளேயே கத்தினான் பிரெண்டன்.

அவன் மனைவி லீயான் பல்லைக் கடித்தாள். "பிள்ளைங்க ரெண்டும் ஒரு வருஷமா உலுரு மலை, உலுரு மலைன்னு தூக்கத்துலகூட உளறுதுங்க. இன்னும் ஒரு நாள் ஓட்டினா போய்ச் சேர்ந்துடலாம். இப்பப் போய்..."

"பதினாலு தடவை! நீ மறந்துட்டே. நான் மறக்கலை."

அதை யார்தான் மறப்பார்கள்? முந்தாநாள் ராத்தங்கப் போன முகாமில், ஜீப்புக்குப் பின்னால் மாட்டிய கேரவன் வீட்டை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தப் பதினாலு தடவை மல்லுக்கட்டி, கடைசியில் தண்ணீர்க் குழாயை உடைத்து, எல்லோரையும் குளிப்பாட்டிவிட்டான் மனுஷன்.

அந்தப் பாலைவன ரோட்டில் அப்படி ஒரு வழக்கம். சாயந்திரமானால் முகாமில் இருக்கிறவர்கள் மடக்கு நாற்காலியும் பீருமாக வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள், புதிதாக வருகிறவன் ரிவர்ஸ் எடுக்கும் அழகைப் பார்க்க. டிவி எடுக்காத இடத்தில் வேறென்ன பொழுதுபோக்கு? அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரெண்டனுக்கு ஒவ்வொரு தட்டும் செருப்படியாக விழுந்தது.

கல்லாவில் இருந்த ஷெரிலிடம் கெஞ்சினான். "நேரா ஓட்டிட்டுப் போய் நிறுத்தற மாதிரி இடம் எதுவும் இல்லையாம்மா?"

"பின்னாடி முகாம்ல ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ரிவர்ஸ்லதான் விடணும். வேண்டாம்னா அடுத்த பங்க் இருநூத்தம்பது கிலோமீட்டர். இருட்டினா ரோட்டுல கங்காரு குதிக்கும், பார்த்துக்கோ."

வரிசையில் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிரெண்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, டயருக்குக் காற்று பார்த்து, கண்ணாடியை ரெண்டு தடவை துடைத்து, கடத்த முடிந்த மட்டும் நேரத்தைக் கடத்தினான். அப்புறம் பலியாடு மாதிரி முகாமுக்குள் நுழைந்தான்.

அங்கே ஏற்கெனவே ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது!

எழுபது வயசுப் பெரியவர் ஒருவர் தன் கேரவனை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அது இடத்தைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் போனது. டமார்! குப்பைத் தொட்டி சப்பட்டை.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "மெர்வ், இன்னிக்கு உனக்கு என்னய்யா வந்தது?" என்றான் ஒருவன்.

பெரியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி மனைவியிடம் கத்தினார். "ஸ்டீயரிங்கைக் கீழ்ப்பக்கம் பிடிச்சுக்கணும், வால் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் தள்ளணும், அவ்வளவுதானே? எத்தனை தடவை சொன்னாலும் என் மண்டையில ஏறுதா பாரு!"

"ஏறவா போகுது?" என்றாள் அந்த அம்மாள், குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையை எடுக்காமலே.

பிரெண்டன் வாய்விட்டுச் சிரித்தான். மூன்று நாளில் முதல் சிரிப்பு. "ஐயோ, இந்த ஆளு என்னைவிட மோசம்டீ!"

"அவங்க கொடியில சாக்ஸ் காயுது பாருங்க. இப்பத்தானே வர்றாங்க?" என்றாள் லீயான்.

"சாக்ஸா முக்கியம் இப்போ? ஆளைப் பாரு, ஆளை!"

எட்டாவது தடவையில் பெரியவர் ஒருவழியாக வண்டியைச் சொருகினார். சிரித்துச் சிரித்துக் களைத்த கூட்டம் அடுத்த பீருக்கு எழுந்து போனது. இதுதான் சமயம் என்று பிரெண்டன் கையை ஸ்டீயரிங்கின் கீழ்ப்பக்கம் கொண்டுபோனான். இடது பக்கம் தள்ளினான். வால் இடது பக்கம் போனது. அட!

மூன்றே தடவை. கேரவன் சமர்த்தாக உள்ளே போய் நின்றது.

"சபாஷ் தம்பி!" என்று முதலில் கத்தியது மெர்வ்தான். பிள்ளைகள் ஜீப்பின் மேலேயே ஏறிக் குதித்தன. லீயான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று அடுப்பில் சாசேஜ் பொரியப் பொரிய, பிரெண்டன் மெர்வுக்குப் பாடமே எடுத்துவிட்டான்.

"பெரியவரே, பதறக் கூடாது. கை கீழே இருக்கணும். வால் எந்தப் பக்கமோ, கையும் அந்தப் பக்கம்."

"அப்படியா! இன்னொரு தடவை சொல்லு தம்பி" என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டார் மெர்வ். அவர் மனைவிக்குத் தேநீர் புரையேறியது.

காலையில் கடைக்குள் நுழைந்தபோது பிரெண்டனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "உலுருவுக்குக் கிளம்பறோம்! ஆனா அந்த மெர்வ் பாவம்மா. வயசாயிடுச்சு. அவரையெல்லாம் ரோட்டுல விடவே கூடாது."

ஷெரில் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, மெர்வையா? மூணு பெட்டி கோத்த, மாடு ஏத்தற லாரியை முப்பது வருஷம் இந்த ரோட்டுல ஓட்டின மனுஷன்பா அவர். நேத்து மத்தியானமே வந்து, ஒரே மூச்சுல கேரவனை விட்டுட்டு, துணிகூட துவைச்சுப் போட்டுட்டாரே!"

பிரெண்டனுக்குக் கொடியில் ஆடிய சாக்ஸ் ஞாபகம் வந்தது. "அப்புறம் எதுக்கு வெளியே எடுத்து மறுபடியும்..."

ஷெரில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதை அவர்கிட்ட குடுத்துடு. நேத்து வரிசையில உனக்குப் பின்னால நின்னுட்டிருந்தார். 'எவனாவது சிரிச்சா திரும்பிடுவேன்'னு நீ கத்தினே பாரு, அதைக் கேட்டதும் ரொட்டியை இங்கேயே போட்டுட்டு ஓடினவர்தான்."