பாதிப் பூ

இன்றைக்கும் குண்டு பாதியில் நின்றுவிடும் என்றுதான் அசார் இருந்தான்.

ஷபீனா சுவிட்சைப் போட்டாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில், மணல் மேல், அந்தச் சின்ன இரும்புக் குண்டு மெல்ல நகர்ந்தது. மணல் தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் காந்தம் இழுக்கிற பக்கமெல்லாம் அது போகும். போன தடமெல்லாம் கோடாகும். கோடு சுற்றிச் சுற்றி வந்து ஒரு பூவாக வேண்டும்.

இதுவரை ஒரு நாளும் முழுப் பூ வரவில்லை.

மரவேலை அசாருடையது. அஸ்தினாபுரத்தில் பர்னிச்சர் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு டீப்பாய் பெரிய காரியமில்லை. மோட்டார், சர்க்யூட், புரோகிராம் எல்லாம் ஷபீனா. பொத்தேரியில் படித்த எலக்ட்ரானிக்ஸ், கல்யாணத்துக்குப் பிறகு இதற்குத்தான் உதவியது. மைதா சலிக்கும் சல்லடையில் இருவருமாக மணல் சலித்தார்கள். அப்போதெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு ஒரு சண்டை. எந்த வீட்டில் இல்லாத சண்டை? ஆனால் இந்தச் சண்டையில் அவன் வாயிலிருந்து ஒரு முறை தலாக் வந்துவிட்டது.

பள்ளிவாசலில் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள். இத்தா என்கிற காத்திருப்புக் காலம் முடியும்வரை இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அதற்குள் கணவன், சேர்த்துக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழையபடி குடும்பம். சொல்லாவிட்டால் அவரவர் வழி.

அந்த ஒரு வார்த்தைதான் அசாருக்கு வரவில்லை. கடையில் நாள் முழுக்க வாய் ஓயாதவன், ராஜகீழ்ப்பாக்கத்து ஃபிளாட்டுக்குள் நுழைந்தால் வாயில் கொழுக்கட்டை. ரோஷமாம்.

ஷபீனாவும் கேட்கவில்லை. மேசையை ஓட வைத்துவிட்டுத்தான் போவேன் என்று மட்டும் சொன்னாள். எடுத்த வேலையை அரைகுறையாக விட்டுப் போகிறவள் இல்லை அவள்.

அதனால் குண்டு நின்ற ஒவ்வொரு நாளும் அவனுக்கு உள்ளுக்குள் நிம்மதி. மழையில் மரம் உப்பியிருக்கும் என்பான். பெல்ட் மட்டமான பெல்ட் என்பான். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, லேப்டாப்பில் மறுபடி புரோகிராமைத் திறப்பாள்.

நாளையோடு இத்தா முடிகிறது.

குண்டு வழக்கமாக நிற்கும் இதழுக்கு வந்தது. நிற்கவில்லை. வளைந்து அடுத்த இதழுக்குப் போனது, அதற்கடுத்ததற்கும் போனது. கடைசிக் கோடு முதல் கோட்டைத் தொட்டதும் மோட்டார் சத்தம் அடங்கியது.

பூ அழகாகத்தான் இருந்தது.

ஷபீனா போனைக் கையில் எடுத்தாள். உடனே யாரையும் அழைக்கவில்லை.

"அத்தாவ நாளைக்கு வண்டி எடுத்துக்கினு வரச் சொல்லட்டுமா?"

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாயைத் திறந்தான்.

"மணல் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றான்.

அவள் அப்பாவின் நம்பரை அழுத்திக்கொண்டே பால்கனிக்குப் போனாள்.

அசார் தரையில் உட்கார்ந்து மேசையின் அடிப்பலகையைத் திறந்தான். மோட்டார் சக்கரத்தை அங்கே ஒரு பொடி ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். அது தளர்ந்தால் சக்கரம் வழுக்கிக் குண்டு நின்றுவிடும். அவள் விடியற்காலை சுபுஹு தொழும்போதெல்லாம் அதைத் தளர்த்தி வைத்தவன் அவன்தான். இன்று, இன்னும் ஒரு நாள்தானே என்று கழற்றியே எடுத்துவிட்டிருந்தான்.

அந்த இடத்தில் புது ஸ்க்ரூ ஒன்று இறுக்கி முடுக்கப்பட்டிருந்தது.

பழையது அவன் சட்டைப் பையில் இருந்தது.