எலும்பைத் துளைக்கும் அம்பு

மலேசியாவின் டெங்கிலில் பரமேஸ்வரனின் மரவள்ளித் தோட்டத்தில் பாதியைக் காட்டுப்பன்றி தின்றுவிட்டது. மீதியைக் காப்பாற்ற வில்வீரர் நாகையா மனைவி மாதவியோடு வந்திருந்தார்.

“கார்பன் ஸ்டீல் அம்புமுனை, பாஸ். எலும்புல பட்டாலும் மழுங்காது. தொட்டா விரல் போயிடும் லா,” என்றார் பரமேஸ்வரனிடம்.

“அதோ வந்துருச்சு, அடிங்கண்ணே.”

நாகையா பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு முனைகளும் துருவேறி, விளிம்பு அரிக்கப்பட்டுக் கிடந்தன. பன்றி நிதானமாகக் கிழங்கைத் தோண்டியது.

“யாரு இதுல கை வெச்சது?” என்றார் மனைவியிடம்.

“நீங்கதான். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு முனையிலயும் எலுமிச்சம்பழத்தக் குத்தி, ஒரு மாசம் யாரும் எடுக்கக் கூடாதுன்னீங்க. சாறு வழியுதுங்கன்னு சொன்னேன். சக்தி இறங்குதுன்னீங்க.”